பெல்லட் அடுப்பைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

பெல்லட் என்பது மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு உருளை; அதை எரித்து அறையைச் சூடாக்குவது பெல்லட் அடுப்பு. புதிதாகப் பொருத்திய அடுப்பு முதல் சில வாரங்கள் ஒரு குறையும் இல்லாமல் எரியும். பிறகு ஒரு நாள் சுடர் நீண்டு சோம்பலாக ஆடும். கண்ணாடி ஒரே மாலையில் கறுத்துவிடும். இன்னொரு நாள் பற்றவே பற்றாமல் திரையில் ஒரு பிழை எண் வந்து நிற்கும். மோட்டார் போய்விட்டதோ, அடுப்பை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டதோ என்று மனம் ஓடும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. காற்று போகும் வழியில் எங்கோ சாம்பல் அடைத்திருக்கிறது.

விறகு அடுப்பு புகைபோக்கியின் இயல்பான இழுவையில் எரிகிறது. பெல்லட் அடுப்பில் அந்த வேலையை மின்விசிறி செய்கிறது. எத்தனை பெல்லட் விழ வேண்டும், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதை போர்டு தீர்மானிக்கிறது. வழி சற்றே சுருங்கினாலும் பெல்லட் பழைய அளவிலேயே விழுந்துகொண்டிருக்கும். காற்று குறைந்தால் பாதி எரிந்த கரி சேரும். அந்தக் கரி மீதித் துளைகளையும் மூடும். ஆகவே இந்த அடுப்பைச் சுத்தம் செய்வது என்றால், காற்று நுழையும் இடம் முதல் புகை வெளியேறும் இடம் வரை வழியைத் திறந்து வைப்பதுதான். கண்ணாடி பளபளப்பது அதற்கு அடுத்தது.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாடலுக்கு மாடல் உருவம் மாறும், வரிசை மாறாது. வெளிக்காற்று பின்பக்கக் குழாய் வழியே உள்ளே வந்து, எரிகிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் உள்ள துளைகள் வழியே நெருப்புக்கு ஏறுகிறது. சூடான புகை மேலே சென்று வெப்பமாற்றிக் குழாய்களைச் சுற்றி, பின்சுவருக்கு அப்பால் இருக்கும் சாம்பல் அறைகளில் இறங்கி, புகை விசிறியை அடைகிறது. விசிறி அதைப் புகைக்குழாயில் தள்ளி வெளியே அனுப்புகிறது.

பெல்லட் வரும் வழி வேறு. மேலே ஹாப்பர் என்ற தொட்டி. அதன் அடியில் ஆகர் என்ற திருகுத்தண்டு. ஆகர் விட்டுவிட்டுச் சுழன்று, பெல்லட்டைச் சறுக்குக் குழாயில் தள்ளி எரிகிண்ணத்தில் விழ வைக்கிறது. மூன்றாவதாக அறை விசிறி ஒன்று உண்டு. அது அறைக் காற்றை வெப்பமாற்றியின் மறுபக்கமாக ஓட்டிச் சூடாக்கி வெளியே விடுகிறது. இந்தக் காற்றும் புகையும் எங்கும் கலக்கக் கூடாது.

உங்கள் மாடலில் சாம்பல் அறைக்கான மூடிகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கையேட்டில் பார்த்து ஒருமுறை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் அடுப்பு வைத்திருந்தும் பின்சுவர்த் தகடு கழலும் என்றே தெரியாதவர்கள் நிறைய பேர் உண்டு. கீழே சொல்வதும் கையேடும் முரண்பட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கை வைப்பதற்கு முன்

எரிகிற அடுப்பின் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தாதீர்கள். விசிறி நின்றால் மிச்சமிருக்கும் பெல்லட்டின் புகை வீட்டுக்குள் வரும், சூடும் உள்ளேயே தங்கும். நிறுத்தும் பட்டனை அழுத்தி, கிண்ணத்தில் உள்ளது எரிந்து தீர்ந்து, விசிறிகள் தாமாக நிற்கும் வரை விடுங்கள். அதற்கு அரை மணி நேரம் ஆகலாம். பிறகு இரும்பு ஆறவும் நேரம் வேண்டும். முதல் நாள் இரவே அணைத்துவிட்டுக் காலையில் சுத்தம் செய்வது நல்லது. ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஆனால் கட்டாயம் கழற்ற வேண்டும். விசிறியோ ஆகரோ தானாகச் சுழலத் தொடங்கினால் விரல் தப்பாது.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. சாம்பலுக்கென்றே செய்த உலோகத் தொட்டி வேக்குவம், ஒரு பெயின்ட் பிரஷ், கிண்ணத்தைச் சுரண்டத் தட்டையான இரும்புப் பட்டை, துளை குத்த மெல்லிய கம்பி, டார்ச், கையுறை, என்95 வகை முகக்கவசம், இறுக்கமான மூடியுள்ள உலோக வாளி.

இதில் வேக்குவத்தில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். வீடு பெருக்கும் சாதாரண வேக்குவத்தால் சாம்பலை உறிஞ்சக் கூடாது. பெல்லட் சாம்பல் மிக நுண்ணியது; பையைத் தாண்டி மறுபக்கம் அறைக்குள்ளேயே பறக்கும், மோட்டாருக்குள்ளும் புகும். அதைவிடப் பெரிய ஆபத்து, சாம்பலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு கங்கு. வேக்குவத்தின் காற்று அதை ஊதி ஊதிப் பெரிதாக்கும். காகிதப் பையும் பிளாஸ்டிக் தொட்டியும் எரியத் தொடங்கும். சாம்பல் வேக்குவத்தையும் ஆறிய சாம்பலுக்கே பயன்படுத்துங்கள். சூடான சாம்பலைத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி அவசரப்பட வேண்டாம்.

எரிகிண்ணம்: தினமும் ஒரு பார்வை

நேரம் குறைவாக இருக்கும் நாளில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தொடர்ந்து எரியும் காலத்தில் நாளுக்கு ஒருமுறை, அல்லது ஒவ்வொரு மூட்டை பெல்லட்டுக்கும் ஒருமுறை கிண்ணத்தைப் பார்ப்பது நல்ல கணக்கு.

1. கிண்ணம் கழலும் வகையானால் வெளியே எடுங்கள். உள்ளிருக்கும் சாம்பலை உலோக வாளியில் கொட்டுங்கள்.
2. அடியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் கெட்டிப் படிவை இரும்புப் பட்டையால் சுரண்டுங்கள். அடித்து உடைக்க வேண்டாம். வார்ப்பிரும்புக் கிண்ணம் விரிசல் விடும்.
3. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாத துளையைக் கம்பியால் குத்தித் திறக்கவும். துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள், காற்றின் அளவே மாறிப்போகும்.
4. கிண்ணம் அமரும் கூட்டையும் அதற்குக் கீழே உள்ள காற்றறையையும் வேக்குவம் செய்யுங்கள். துளை வழியே விழுந்த சாம்பல் இங்கேதான் சேரும். கிண்ணத்தை மட்டும் துடைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.
5. பெல்லட்டைப் பற்றவைக்கும் மின்சூடேற்றியான இக்னைட்டர் எட்டிப்பார்க்கும் துளையைத் தனியாகக் கவனியுங்கள். அது அடைத்தால் சூடான காற்று பெல்லட்டை எட்டாது.
6. கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது ஆடாமல், இடைவெளி இல்லாமல் அமர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

ஆறாவது படியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு சிட்டிகை சாம்பல் அடியில் இருந்தாலே கிண்ணம் சற்றுத் தூக்கிக்கொள்ளும். காற்று துளை வழியே ஏறுவதை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள இடுக்கு வழியே நழுவிவிடும். சுத்தம் செய்த மறுநாளே அடுப்பு பற்றவில்லை என்று வரும் புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

கிண்ணத்தின் அடியில் கண்ணாடியும் கல்லும் கலந்தது போன்ற கெட்டிக் கட்டி கிடைத்தால் அது கிட்டம். கிளிங்கர் என்றும் சொல்வார்கள். மரத்தில் ஒட்டிய மண்ணிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கா, பட்டையில் இருக்கும் பொட்டாசியத்தோடு சேர்ந்து, நெருப்பின் சூட்டில் வெல்லப்பாகாக இளகி, ஆறியதும் துளைகளின் மேல் இறுகிவிடுகிறது. எப்போதாவது ஒன்று வருவது இயல்பு. தினமும் வந்தால் குற்றம் பெல்லட்டில் இருக்கிறது, அல்லது காற்று குறைந்து கிண்ணத்திலேயே சாம்பல் தங்குகிறது. முதலில் வேறு மூட்டையை மாற்றிப் பாருங்கள்.

தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் கிண்ணம் உள்ள அடுப்புகளும் உண்டு. அவை தினசரி வேலையைக் குறைக்கும், ஒழிக்காது. நகரும் தகட்டின் ஓரத்தில் கிட்டம் சிக்கினால் தகடு பாதியில் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

சாம்பல் தட்டும் வாளியும்

நல்ல பெல்லட்டில் சாம்பல் எடையில் அரை சதவீதம் அளவில் இருக்கும். 15 கிலோ மூட்டைக்கு 75 கிராம். நாளுக்கு ஒரு மூட்டை எரித்தால் வாரத்துக்கு அரைக் கிலோ. எடை குறைவாகத் தெரிந்தாலும் பஞ்சு மாதிரி இடம் அடைக்கும். ஒரு சதவீதத்துக்கு மேல் சாம்பல் தரும் பெல்லட்டானால் எல்லா வேலையும் இருமடங்கு. தட்டு நிரம்பி வழியும் வரை விட வேண்டாம். குவியல் கிண்ணத்தின் அடியைத் தொட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும்.

வெளியே எடுக்கும் சாம்பலை உலோக வாளியில் போட்டு, மூடியை இறுக்கி, வீட்டுக்கு வெளியே எரியாத தரையில், சுவரிலிருந்தும் மரப்படிகளிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். மூன்று நாளாவது அங்கேயே இருக்கட்டும். தொட்டால் குளிர்ந்திருக்கும் சாம்பலின் நடுவில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். காகிதப் பையிலோ பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியிலோ கொட்டி வீடு பற்றிய விபத்துகள் உலகெங்கும் நடக்கின்றன. முழுதாக ஆறிய மரச்சாம்பலைத் தோட்ட மண்ணில் மெல்லியதாகத் தூவலாம். அது காரத்தன்மை உள்ளது. அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கு ஆகாது.

எரியறையின் உட்சுவரில் மெல்லிய சாம்பல் பூச்சு படியும். பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டி, கடைசியாக அடியை வேக்குவம் செய்யுங்கள். உள்ளே வெளிர்நிறத்தில் பலகை போன்ற தகடுகள் இருந்தால் அவை பெரும்பாலும் வெர்மிகுலைட். அழுத்தினாலே உதிரும். அவற்றை மென்மையான பிரஷால் மட்டும் தொடுங்கள்.

கண்ணாடி

கண்ணாடி முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஈரத் துணியையோ செய்தித்தாளையோ நுண்ணிய சாம்பலில் தொட்டுத் தேய்த்து, பிறகு வேறு ஈரத் துணியால் துடைத்தால் போதும்; சாம்பலின் காரமே கரியைக் கரைத்துவிடும். சொரசொரப்பான நார், பிளேடு, மணல் கலந்த பொடி எதுவும் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் கரி இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். கடையில் வாங்கும் கண்ணாடித் திரவத்தைப் பயன்படுத்தினால் அது கதவிடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கயிற்றில் வழியாமல் துணியில் தெளித்துத் துடையுங்கள்.

இரண்டு நாளில் லேசான சாம்பல்நிறப் படலம் வருவது சரி. சில மணி நேரத்தில் கறுப்பாக, ஒட்டும் தன்மையோடு படிந்தால் காற்று போதவில்லை. அப்போது கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை, அடைப்பைத் தேடுங்கள்.

வாரத்துக்கொரு முறை வெப்பமாற்றி, மாதத்துக்கொரு முறை ஹாப்பர்

வெப்பமாற்றிக் குழாய்களின் மேல் படியும் சாம்பல் நல்ல வெப்பக் காப்பு. அதனால் அறைக்கு வர வேண்டிய சூடு புகையோடு வெளியே போகும், பெல்லட் செலவு ஏறும். பல அடுப்புகளில் முன்பக்கமோ மேலேயோ ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதை முன்னும் பின்னும் ஏழெட்டு முறை இழுத்தால் உள்ளே ஒரு தகடு குழாய்களை வழித்துவிடும். அடுப்பு அணைந்திருக்கும்போதே இழுங்கள், பிறகு கீழே விழுந்ததை உறிஞ்சுங்கள். கைப்பிடி இல்லாத மாடலில் மேலே உள்ள தகட்டைக் கழற்றி நீளமான பிரஷை விட வேண்டியிருக்கும்.

ஹாப்பரில் நேரும் தொல்லை தூள். மூட்டையின் அடியில் மரத்தூள் சேர்ந்திருக்கும். அது ஹாப்பரின் சரிவில் படிந்து, ஆகரின் வாயை மெல்ல அடைக்கும். பெல்லட் மேலே நிறைய இருந்தும் கீழே விழாது. நடுவில் பாலம் கட்டி நிற்கும். மாதம் ஒருமுறையாவது ஹாப்பரைக் காலியாகும் வரை எரியவிட்டு, மூலைகளையும் ஆகரின் வாயையும் உறிஞ்சி எடுங்கள். பாதுகாப்புக் கம்பிவலை இருந்தால் கழற்றிய கையோடு திரும்ப மாட்டுங்கள். மூடியின் ரப்பர்ப் பட்டையையும் துடையுங்கள். அதில் இடைவெளி இருந்தால் காற்று ஹாப்பர் வழியே இழுபடும், சுடர் வலுவிழக்கும்.

ஹாப்பர் காலியான பிறகு திரும்ப நிரப்பினால் முதல் முறை பற்றாமல் போவது சகஜம். ஆகர் நிரம்பும் முன்பே இக்னைட்டரின் நேரம் முடிந்துவிடும். கிண்ணத்தில் எரியாமல் விழுந்ததை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். எடுத்த பெல்லட்டைத் திரும்ப ஹாப்பரில் போடாதீர்கள். அதில் கங்கு ஒட்டியிருந்தால் தொட்டியே பற்றும்.

மறைந்திருக்கும் சாம்பல்

முன்பக்கம் பளிச்சென்று இருந்தும் அடுப்பு மந்தமாக எரிகிறது என்றால் பின்சுவருக்கு அப்பால் பார்க்க வேண்டும். எரிகிண்ணத்தில் விழும் சாம்பல் ஒரு பங்குதான். லேசானது புகையோடு பறந்து, காற்று திரும்பும் ஒவ்வொரு முனையிலும் படிகிறது. பின்சுவர்த் தகடு, அதன் அடியில் இடமும் வலமுமாக இருக்கும் சிறு மூடிகள், சாம்பல் தட்டுக்குப் பின்னால் உள்ள கதவு ஆகியவை அந்த அறைகளுக்கான வாசல்கள். மாதம் ஒருமுறை, அல்லது 20 முதல் 25 மூட்டைக்கு ஒருமுறை திறந்து, வேக்குவத்தின் குழாயில் மெல்லிய நெகிழ்குழாயை மாட்டி, எட்டும் தூரம் வரை உறிஞ்சுங்கள். பின்சுவர் இரும்பானால் ரப்பர்ச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே படிந்தது உதிரும் ஓசை கேட்கும். ஓசை நிற்கும் வரை தட்டி, மறுபடி உறிஞ்சுங்கள். மூடிகளைத் திரும்பப் பொருத்தும்போது அவற்றின் கேஸ்கெட் மடங்காமல் இருக்கட்டும்.

இதே வேளையில் புகைக்குழாயின் டி (T) வடிவ இணைப்பையும் பாருங்கள். அடுப்பின் பின்னால் குழாய் மேல்நோக்கித் திரும்பும் இடத்தில் கீழே ஒரு மூடி இருக்கும். அடியில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மூடியைத் திருகி எடுத்தால் சேர்ந்த சாம்பல் பைக்குள் இறங்கும். ஆறிய அடுப்பில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

குழாய், விசிறி, சிறு ரப்பர்க் குழாய்

ஒரு டன் எரித்த பிறகு அல்லது பருவத்துக்கு ஒருமுறை குழாய் முழுவதையும் பிரஷ் செய்ய வேண்டும். படுக்கையாக ஓடும் குழாயும் 90 பாகை முழங்கைகளும் அதிகமாக இருந்தால் இன்னும் அடிக்கடி. குழாயின் விட்டத்துக்கு ஏற்ற பிரஷ் வாங்குங்கள். 80 மில்லிமீட்டர்க் குழாய்க்கு 80 மில்லிமீட்டர் நைலான் பிரஷ், வளையும் தண்டோடு. மெல்லிய எஃகுக் குழாய்க்குக் கம்பி பிரஷ் வேண்டாம். வெளி முனையில் வலை இருந்தால் அதுதான் முதலில் அடைக்கும். பக்கத்திலேயே வெளிக்காற்று நுழையும் வாயும் இருக்கும். அதில் சருகும் சிலந்திக்கூடும் சேரும். அதையும் துடைத்துவிடுங்கள்.

இலை ஊதும் கருவியை உறிஞ்சும் பக்கமாகத் திருப்பி வெளி முனையில் பொருத்தி இழுப்பது அடுப்புக்காரர்களிடையே பிரபலமான வழி. ஒரே நிமிடத்தில் சாம்பல் மேகமே வெளியே வரும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். பலன் உண்டு, ஆனால் ஒட்டிப் படிந்த கரியை அது எடுக்காது, ஆகவே பிரஷுக்கு மாற்றாகாது. அடுப்பு ஒரு நாள் முழுக்க ஆறியிருக்க வேண்டும். உள்ளிழுவையைக் கண்காணிக்கும் வேக்குவம் சுவிட்சின் ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட வேண்டும், அத்தனை இழுவையை அதன் சவ்வு தாங்காது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுத் துணிக்கொடியோடு முடிந்துவிடக் கூடாது.

அந்த வேக்குவம் சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எரியறையிலோ புகை விசிறியின் கூட்டிலோ தொடங்கும் ஒரு மெல்லிய சிலிக்கான் குழாய், சிறிய சுவிட்சில் போய் முடியும். உள்ளே போதிய இழுவை இருந்தால்தான் சுவிட்ச் மின்சுற்றை இணைக்கும், இணைத்தால்தான் ஆகர் சுழலும். கதவு சரியாக மூடாதபோதும் புகைக்குழாய் அடைத்தபோதும் பெல்லட் விழுவது நிற்பது இதனால்தான். குழாயின் அடுப்புப் பக்க முனையில் கரி சேர்ந்தாலும் சுவிட்ச் ஏமாந்துபோகும். குழாயைச் சுவிட்சிலிருந்து கழற்றி, அடுப்புப் பக்க முனையை மெல்லிய கம்பியால் குத்தித் திறக்கவும். குழாய் மாட்டியிருக்கும்போது வாயால் ஊதவே கூடாது, சவ்வு கிழிந்துவிடும். சுவிட்சின் இரு ஒயர்களையும் நேராக இணைத்து ஓட்டும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது பழுதல்ல, காவல்.

புகை விசிறியை வருடத்துக்கு ஒருமுறை கழற்றினால் போதும். இறக்கைகளில் படிந்த கரியைப் பிரஷால் எடுத்து, கூட்டையும் சுத்தம் செய்யுங்கள். இறக்கையை வளைத்தால் சமநிலை கெட்டு அதிரும். திருகுகள் சூட்டில் இறுகியிருக்கும். முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். விசிறிக்கும் கூட்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட்டைப் பழையதையே திரும்பப் போட்டால் அந்த இடுக்கு வழியே புகை அறைக்குள் வரும். புதியதை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பேரிங் மூடிய வகையானால் எண்ணெய் தேவையில்லை.

அறை விசிறியில் சேர்வது வீட்டுத் தூசியும் வளர்ப்புப் பிராணிகளின் முடியும். அது அடைத்தால் சூடு வெளியேறாமல் அதிவெப்பச் சுவிட்ச் அடுப்பை நிறுத்திவிடும். வேக்குவம் பிடிக்கும்போது இறக்கையை விரலால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிவெப்பச் சுவிட்ச் ஒருமுறை விழுந்தால் பின்புறப் பட்டனை அழுத்தி மீட்கலாம். திரும்பத் திரும்ப விழுந்தால் அழுத்திக்கொண்டே இருக்காமல் காரணத்தைப் பாருங்கள்.

கதவுக் கயிறு

கதவைச் சுற்றி இருக்கும் கண்ணாடியிழைக் கயிறு நாளாக ஆகத் தட்டையாகிக் கெட்டியாகும். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் நல்லது. தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் இப்படிச் சோதியுங்கள். முதலில் தாழ்ப்பாளைச் சற்று இறுக்கிப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் பழைய கயிற்றை உரித்து, பள்ளத்தைச் சுரண்டி, கையேடு சொல்லும் அதே தடிமனில் புதிய கயிற்றை உயர்வெப்பப் பசையில் பதியுங்கள். இழுத்து ஒட்டினால் கயிறு மெலிந்துவிடும். தளர்வாக வைத்து, இரு முனைகளும் கீழ்ப்பக்கம் முட்டும்படி வெட்டுங்கள். கதவை மூடி, பசை உறை சொல்லும் நேரம் காயவிடுங்கள்.

பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது பாதிச் சுத்தம்

ஈஎன்பிளஸ் என்ற ஐரோப்பியத் தரச்சான்றின் ஏ1 தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் ஈரம் 10 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. ஏ2 என்றால் சாம்பல் 1.2 சதவீதம் வரை. வீட்டு அடுப்புக்கு ஏ1தான் வேண்டும், ஏ2 வாங்கி மிச்சம் பிடிக்கும் காசைச் சுரண்டும் நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். பெல்லட் மேற்பரப்பு வழவழப்பாக, மெல்லிய பளபளப்போடு இருக்க வேண்டும். ஒன்றைத் தண்ணீரில் போட்டால் நல்லது மூழ்கும், பிறகு ஊதி உதிரும். ஈரம் பட்ட மூட்டையை அடுப்பில் கொட்டாதீர்கள். ஊதிய மரத்தூள் ஆகரில் இறுகிச் சிமென்ட் ஆகிவிடும், கழற்றாமல் எடுக்க முடியாது.

மூட்டைகளைத் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். மொத்தமாகக் கொட்டிச் சேமிக்கும் மூடிய அறையானால் இன்னொரு எச்சரிக்கை: புதிய பெல்லட் தானாகவே கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். காற்றோட்டம் இல்லாத சேமிப்பறைக்குள் நுழைந்து உயிரிழந்தவர்கள் உண்டு. கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே உள்ளே போங்கள். அடுப்பு இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அதன் சோதனைப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள்.

சுடர் என்ன சொல்கிறது

காற்று சரியாக இருந்தால் சுடர் வெளிர்மஞ்சளாக, சுறுசுறுப்பாக நிற்கும். சிறு பொறிகள் துள்ளும். சாம்பல் வெளிர்நிறமாக இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் உயரமாக எழுந்து, நுனி கறுத்து, மெல்ல ஆடினால் அடைப்பு. சாம்பலில் கறுப்புத் துகள் கூடினாலும் அதே பொருள்.

பற்றவில்லை என்றால் முதலில் கிண்ணத்தின் அமர்வு, பிறகு துளைகள், பிறகு இக்னைட்டர் என்ற வரிசையில் பாருங்கள். இக்னைட்டரை மல்டிமீட்டரால் சோதிக்கலாம், பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். 300 வாட் இக்னைட்டரானால் 230 வோல்ட் மாடலில் சுமார் 175 ஓம், 120 வோல்ட் மாடலில் சுமார் 48 ஓம் காட்ட வேண்டும். அளவே காட்டாமல் திறந்த சுற்றாக இருந்தால் கம்பி உள்ளே அறுந்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஒரு சூழ்நிலையில் மட்டும் எதையும் தொடாமல் விலகி நிற்க வேண்டும். பற்றாமல் பெல்லட் குவிந்து, எரியறை முழுக்க அடர்ந்த புகை சூழ்ந்து, சுடர் மட்டும் இல்லாதபோது கதவைத் திறக்காதீர்கள். அது எரியக்கூடிய வாயு. காற்று பட்டதும் ஒரே வெடிப்பாகப் பற்றிக் கண்ணாடியையே உடைக்கலாம். விசிறி புகையை இழுத்துத் தீர்க்கட்டும், அடுப்பு ஆறட்டும். பிறகு குவியலை அள்ளி உலோக வாளியில் போடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஜெல் எதையும் ஊற்றிப் பற்றவைக்க முயல வேண்டாம்.

பருவம் முடியும்போது

குளிர்காலம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி அப்படியே விட்டுவிடுவதுதான் அடுப்பின் ஆயுளைக் குறைக்கும் பழக்கம். உள்ளே தங்கிய சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காரக் கூழாகி, மாதக்கணக்கில் எஃகைத் தின்னும். கடைசியாக அணைத்த ஒரு வாரத்துக்குள் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடியுங்கள்: ஹாப்பரையும் ஆகரையும் காலியாக்குவது, சாம்பல் அறைகள், வெப்பமாற்றி, புகை விசிறி, குழாய் முழுவதும். வெளி முனையில் பறவை கூடு கட்டாமல் மூடி வைப்பதானால், 'குழாய் மூடியிருக்கிறது' என்று எழுதிய அட்டையை அடுப்பின் பட்டன்மேல் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

சில நாடுகளில் தகுதி பெற்ற தொழிலாளியைக் கொண்டு ஆண்டுதோறும் புகைக்குழாயைச் சுத்தம் செய்து சான்று வைத்திருக்க வேண்டும். காப்பீடும் அதைக் கேட்கும். சட்டம் கேட்காத இடத்திலும், குழாய் கூரை வழியே நீளமாகப் போகிறதென்றால் அந்த ஒரு வேலையை அவரிடமே விடுவது மேல். பல மாடல்களில் குறிப்பிட்ட மணிநேரம் ஓடியதும் 'சர்வீஸ்' என்று திரையில் வரும். வேலை செய்யாமல் மணிநேரக் கணக்கை மட்டும் அழித்துவிடுவது எளிது, அதனால்தான் அதைப் பலரும் செய்கிறார்கள்.

அடுத்த பருவத்தில் முதல்முறை பற்றவைக்கும் முன் வெளி மூடியை எடுத்து, காற்று வாயைப் பார்த்து, கதவுக் கயிற்றைக் காகிதத்தால் சோதித்து, புதிய மூட்டையைக் கொட்டுங்கள். போன வருடத்து மிச்சத்தை ஹாப்பரிலேயே விட்டிருந்தால் அதை அள்ளிவிட்டுத் தொடங்குங்கள். முதல் சில நிமிடங்கள் தூசி கருகும் வாசம் வரும்; சன்னலைத் திறந்து வைத்து, குழாய் இணைப்புகளில் புகை கசிகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கசிந்தால் நிறுத்தும் பட்டனை அழுத்தி, ஆறிய பிறகு அந்த இணைப்பை உயர்வெப்ப சிலிக்கானால் அடையுங்கள்.